ஏதேனில் உருவான உறவு: ஜேம்ஸ் பிரவுன்சனின் நூல் மதிப்புரை

தன்பாலின உறவு பற்றிய கிறிஸ்தவ விவாதங்களில் லேவியராகமமும் ரோமர் நிருபமும் முதலில் மேற்கோள் காட்டப்பட்டாலும், வழக்கு கடைசியில் வந்து நிற்பது ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில்தான். தடை வசனங்களுக்கு எந்த விளக்கம் தந்தாலும், ‘ஆணும் பெண்ணுமாக அல்லவா தேவன் படைத்தார்’ என்ற கேள்வி மிஞ்சிவிடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள வெஸ்டர்ன் இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பித்த ஜேம்ஸ் பிரவுன்சன், ‘பைபிள், ஜெண்டர், செக்சுவாலிட்டி’ (ஏர்ட்மன்ஸ், 2013) என்ற நூலில் அந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொள்கிறார். தம் மகன் தன்னைத் தன்பாலீர்ப்பாளன் என்று வெளிப்படுத்தியதே தம்மை மறுவாசிப்புக்குத் தள்ளியது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அவர் முதன்மையாக வாதிடுவது, தன்பாலின உறவை வேதம் ஏற்பதில்லை என்று வாதிடும் புதிய ஏற்பாட்டு அறிஞர் ராபர்ட் காக்னனோடு. ஆதியில் பிளவுபடாத ஒரே மனிதப்பிறவியிலிருந்து பெண் எடுக்கப்பட்டதால், ஆணும் பெண்ணும் கூடும்போதே அந்த முழுமை மீள்கிறது என்பது 2001இல் வெளியான தம் நூலில் காக்னன் விரிவாக முன்வைத்த வாசிப்பு. பிரவுன்சனோ, விலங்குகளிடையே ஏற்ற துணை காணாத ஆதாம் ஏவாளைக் கண்டு மகிழ்வது அவள் வேறுபட்டவள் என்பதற்காக அல்ல, தன்னைப் போன்றவள் என்பதற்காகவே என்கிறார். ‘என் எலும்பில் எலும்பும், என் மாம்சத்தில் மாம்சமும்’ என்ற பேச்சு யாக்கோபை வரவேற்கும் லாபானின் வாயிலும், எப்ரோனில் தாவீதிடம் வந்த இஸ்ரவேல் கோத்திரங்களின் வாயிலும் சற்றே மாறி ஒலிக்கிறது. அங்கெல்லாம் அது இரத்த உறவைக் குறிக்கிறதேயன்றி உடலமைப்பின் பொருத்தத்தை அல்ல. ஆகவே ‘ஒரே மாம்சம்’ என்பது தாய் தகப்பனை விட்டுப் புதிய குடும்பத்தைக் கட்டும் பந்தம் என்று அவர் முடிக்கிறார். நூலின் ஆகச் சிறந்த பகுதி இது. பழமைவாத வாசகரும் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆண், பெண் இருவரும் சேர்ந்தால்தான் தேவசாயல் நிறைவுறும் என்றால், மணம் புரியாத இயேசுவை வேதம் தேவனுடைய தற்சுரூபம் என்பது எப்படி என்ற கேள்வியும் கூர்மையானது.

ஆனால் மாற்கு 10ஆம் அதிகாரத்தில் அவருடைய வாதம் தளர்கிறது. அங்கே இயேசு ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் ‘ஆணும் பெண்ணுமாக’ என்பதையும் இரண்டாம் அதிகாரத்தின் ‘ஒரே மாம்சம்’ என்பதையும் வேண்டுமென்றே இணைக்கிறார். அங்கே கேட்கப்பட்டது விவாகரத்தைப் பற்றித்தான் என்று பிரவுன்சன் தரும் பதில் உண்மையே. எனினும் அந்த இணைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அந்தப் பதில் போதாது. வேதம் ஆண்–பெண் இணையை இயல்பாகக் கருதுவது வேறு, அதையே விதியாக்குவது வேறு என்று பிரவுன்சன் காட்டும் வேறுபாடு பயனுள்ளதாயினும், மொத்த நூலின் பாரத்தையும் அது ஒன்றே சுமக்க நேர்கிறது.

நடை வறண்டது, அதிகாரந்தோறும் இறுதியில் வரும் தொகுப்புரைகள் அலுப்பூட்டுகின்றன, ஆயினும் வேதப்பாட வகுப்பு நடத்துவோருக்கு அவை கைகொடுக்கும். இறையியல் மாணவர்களும் போதகர்களும் இதை வாங்கலாம். காக்னனின் நூலையும் அருகில் வைத்துக்கொண்டு, ஆதாமைப் பற்றிய பக்கங்களை மட்டுமாவது இரண்டிலும் மாறிமாறிப் படிப்பது நல்லது.