8,500 ரூபாய் போச்சு, உபுண்டுவும் போச்சு

இப்பதான் அந்தக் கடையிலேர்ந்து வர்றேன். சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். மொத்தம் 8,500 ரூபாய்.

என் லேப்டாப்ல விண்டோஸ் 10, உபுண்டு (விண்டோஸ் மாதிரியே இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம், லினக்ஸ் வகை) ரெண்டும் இருந்துச்சு. ஜிஎஸ்டி வேலைக்கு விண்டோஸ், மத்த எல்லாத்துக்கும் உபுண்டு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சதுலேர்ந்தே ஒரு பயம். விண்டோஸ் 11 கேக்கற எட்டாவது ஜென் இன்டெல் ப்ராசஸர், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் எல்லாம் இருக்கு; வீட்டுலயே காசில்லாம 11-க்கு மாறியிருக்கலாம். ஒரே லேப்டாப்ல ரெண்டு சிஸ்டம், டூயல் பூட்டாச்சே, சொதப்பிடுமோன்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன்.

கடைப் பையன் ஆன் பண்ணான். எந்த சிஸ்டத்தைத் திறக்கணும்னு கேக்கற க்ரப் மெனு வந்துச்சு. "உபுண்டுவா சார்? நானும் காலேஜ்ல யூஸ் பண்ணியிருக்கேன்"னு சிரிச்சான். அந்த ஒரு வார்த்தைல விழுந்துட்டேன்.

"உள்ள இருக்கிறது எதுவும் போகாதுல்ல தம்பி?"

"அதைத் தொடவே மாட்டோம் சார்."

2,500 ரூபாய் குடுத்தேன்.

மறுநாள் ஆன் பண்ணா க்ரப்பே வரல, நேரா விண்டோஸ் 11. க்ரப் மட்டும் போயிருந்தா பரவாயில்ல, உபுண்டு இருக்கற பென் டிரைவ் (லைவ் யூஎஸ்பி) போட்டுத் திரும்பக் கொண்டுவந்துடலாம். டி டிரைவைப் பார்த்தேன். 100 ஜிபி இருந்தது 280 ஜிபி! கடைப் பையனைப் போய்க் கேட்டா, "180 ஜிபி சும்மா கிடந்துச்சு சார், டி-ல சேர்த்து விட்டுட்டேன்"ங்கறான், என்னமோ எனக்கு உபகாரம் பண்ண மாதிரி. உபுண்டு இருக்கற இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனைப் படிக்க விண்டோஸுக்குத் தெரியாது, பேரில்லாத இடமாத்தான் காட்டும். அந்தச் "சும்மா கிடந்த" இடத்துலதான் என் ஆறு வருஷக் கணக்கும், அப்பா பேசினதை ரெக்கார்டு பண்ணி வெச்ச பதினோரு ஆடியோவும் இருந்துச்சு.

"ஓனர் டீ குடிக்கப் போயிருக்கார்." "சாயங்காலம் வாங்க." சாயங்காலம் போனா பில்லுக்குப் பின்னாடி எறும்பு சைஸ்ல அச்சடிச்சதைக் காட்டறார்: டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல. அப்புறம் அவரே, "மீட்டுத் தர்றோம், 6,000 ஆகும்"னார். குடுத்தேனே! எஸ்எஸ்டில அழிச்ச இடத்தைத் துடைச்சுக் காலியாக்கற ட்ரிம் ஓடிட்டா ஒண்ணும் தேறாதுன்னு அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒன்பது நாள் இழுத்தடிச்சு இன்னைக்கு ஒரு பென் டிரைவ் குடுத்தாங்க. உள்ள நாலு படம், நாலும் விண்டோஸ் வால்பேப்பர். "ட்ரை பண்ணதுக்குத்தான் சார் சார்ஜ்." 2,500-ம் 6,000-மும், 8,500.

என்னென்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், மனசு ஓடல. கடைல குடுக்கறதுக்கு முன்னாடி உபுண்டு ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்க்ல காப்பி பண்ணிடுங்க. டிஸ்க்கைப் பூட்டி வெக்கற விண்டோஸ் பிட்லாக்கர் இருந்தா, அதைத் திறக்கற 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வெச்சுக்கோங்க. அப்கிரேடா, புதுசா போடறாங்களான்னு கேட்டு பில்லுலயே எழுதி வாங்குங்க. அவசரமும் வேண்டாம், பதிஞ்சுக்கிட்டா 2026 அக்டோபர் 13 வரைக்கும் விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் வருமாம், எனக்கே நேத்துதான் தெரியும்.

அந்தப் பென் டிரைவுக்கு 350 ரூபாய் தனியா வாங்கினாங்க. அதை 8,500-ல சேர்க்க மறந்துட்டேன்.