டெர்வின் ஜேம்ஸ் எங்கே நிற்க வேண்டும்?

அமெரிக்கக் கால்பந்தில் சேஃப்டி என்பவர் தற்காப்பின் கடைசி ஆள். அவரையும் தாண்டிப் பந்து போய்விட்டால் பிறகு தடுக்க ஆளில்லை. அந்த இடத்துக்கென்றே தேர்ந்தெடுத்த ஒருவரைப் பின்னாலிருந்து முன்வரிசைக்கு அழைத்து வருவது சரியா என்று கேட்டால், லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணியின் டெர்வின் ஜேம்ஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் 2018ஆம் ஆண்டுத் தேர்வின் (டிராஃப்ட்) முதல் சுற்றில் 17ஆவது ஆளாக வந்த அவர், ஒரே அணியில் இருந்தபடியே மூன்று வெவ்வேறு தற்காப்பு முறைகளில் ஆடியிருக்கிறார். அவருக்கு மிகவும் பொருந்தியது மூன்றாவதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

முதலாவது, அப்போதைய தற்காப்புப் பயிற்சியாளர் கஸ் பிராட்லியின் முறை. ஒரு சேஃப்டி நடுவிலும் ஓரத் தற்காப்பாளர்களான இரு கார்னர்பேக்குகள் இரு ஓரங்களிலும் ஆழத்தை, அதாவது களத்தின் பின்பகுதியைக் காக்க, இன்னொரு சேஃப்டி முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களோடு சேர்ந்து நிற்பார். இதைத்தான் கவர் 3 என்கிறார்கள். எதிரணிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் அளவுக்கு எளிமையான ஏற்பாடு இது. கீழே இறங்கி நிற்கும் அந்த இரண்டாம் சேஃப்டியாக ஜேம்ஸ் தம் முதல் ஆண்டிலேயே 105 டேக்கிள்கள் (பந்தோடு வருபவரை வீழ்த்துவது), 3 இன்டர்செப்ஷன்கள் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது), 3.5 சாக்குகள் (பந்தை எறியும் குவாட்டர்பேக்கை எறியுமுன் வீழ்த்துவது) எடுத்து, பருவத்தின் சிறந்த வீரர்களின் கௌரவப் பட்டியலான அகில லீக் முதல் அணியிலும் இடம்பிடித்தார். 2019 ஜனவரியில் பால்டிமோரில் நடந்த பிளேஆஃப் (நாக்அவுட்) ஆட்டத்தில், எதிரணிக் குவாட்டர்பேக் லாமார் ஜாக்சனின் வேகத்துக்கு ஈடுகொடுக்க லைன்பேக்கர்களைப் பெரும்பாலும் வெளியே உட்கார வைத்துவிட்டு ஏழு பின்வரிசை வீரர்களைக் களமிறக்கி, சார்ஜர்ஸ் 23-17 என்று வென்றது. அன்று லைன்பேக்கர் இடத்தில் நின்றவர்களில் ஜேம்ஸும் ஒருவர். அவர் பந்துக்கு அருகில் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அப்போதே விடை கிடைத்திருந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளைக் காயங்கள் விழுங்கின: 2019இல் ஐந்தே ஆட்டங்கள், 2020இல் ஒன்றுகூட இல்லை.

2021இல் தலைமைப் பயிற்சியாளராக வந்த பிராண்டன் ஸ்டேலி, தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோவிடம் தொழில் கற்றவர். அவருடைய முறையில் இரண்டு சேஃப்டிகளும் ஆட்டம் தொடங்கும்வரை ஆழத்திலேயே நிற்பார்கள். பந்து நகர்ந்த பிறகுதான் யார் எங்கே போகிறார் என்பது வெளிப்படும். குவாட்டர்பேக் தூக்கி எறியும் நீளமான பந்துகளை முதலில் அடைப்பதே நோக்கம். அதற்கு விலையாக, பந்தை எறியாமல் ஏந்தி ஓடும் ஓட்ட ஆட்டத்தில் சில கெஜங்களை விட்டுக்கொடுக்கலாம் என்பது கணக்கு. சார்ஜர்ஸில் அந்த விலை கட்டுக்கு மீறிப் போய்விட்டது. 2021இல் 17 ஆட்டங்களில் 459 புள்ளிகள் கொடுத்தார்கள். 2022இல் எதிரணிகள் ஓடிய ஒவ்வொரு முறையும் சராசரியாக 5.4 கெஜம் எடுத்தன. ஸ்டேலி ஜேம்ஸை ஒரே இடத்தில் கட்டிப்போட்டார் என்று சொல்வது நியாயமாகாது, பல இடங்களில் நிறுத்தவே செய்தார். 2022 செப்டம்பரில் கான்சாஸ் சிட்டியில், கோல் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்த எதிரணி வீரர் டிராவிஸ் கெல்சியை ஜேம்ஸ் இடுப்போடு அணைத்துத் தரையிலிருந்து தூக்கி அப்படியே கீழே சாய்த்த காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அத்தகைய ஒருவரைப் பல ஆட்டத் துண்டுகளில் பந்திலிருந்து பன்னிரண்டு, பதினைந்து கெஜம் தள்ளி நிறுத்தும்போது, ஓட்டக்காரர் முன்வரிசையைத் தாண்டி வேகமெடுத்த பிறகுதான் அவரால் போய்ச் சேர முடிந்தது.

2024இல் தற்காப்புப் பயிற்சியாளராக ஜெஸ்ஸி மின்டர் வந்தார். பால்டிமோரில் பயிற்சி உதவியாளராக இருந்து, பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத் தற்காப்பை நடத்தியவர். இவருடைய முறையில் ஆறேழு பேர் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாயப்போவதுபோல் முன்னால் நிற்பார்கள், பாய்வது பெரும்பாலும் நால்வர்தான்; அந்த நால்வர் யார் என்பதுதான் சூட்சுமம். ஒரு முன்வரிசை வீரர் பின்வாங்கிப் பந்து எறியும் வழியை மறிக்க, அவர் விட்ட இடைவெளியில் ஜேம்ஸ் பாய்வார். இதற்காக அவரைப் பெரும்பாலும் ஸ்லாட்டில், அதாவது பந்தைப் பிடிக்க ஓரத்தில் நிற்கும் ரிசீவருக்கும் முன்வரிசைக்கும் நடுவில் நிறுத்தினார்கள். அங்கிருந்து டைட் எண்டை (முன்வரிசையின் ஓரத்தில் நின்று பந்தும் பிடிக்கும் எதிரணி வீரர்) பிடிக்கலாம், ஓட்டத்தை அடைக்கலாம், குவாட்டர்பேக்கை நோக்கிப் பாயலாம். மூன்றில் எது என்று எதிரணிக்குக் கடைசி நொடிவரை தெரியாது. அவ்வாண்டு அவர் எடுத்த 5.5 சாக்குகள் அதுவரையிலான அவருடைய ஆட்டவாழ்வில் மிக அதிகம். அணி 301 புள்ளிகளே கொடுத்தது, லீக்கிலேயே மிகக் குறைவு. முந்தைய ஆண்டில் அது 398.

இந்த மாற்றம் முழுவதையும் ஜேம்ஸின் கணக்கில் எழுதிவிட முடியாது. தலைமைப் பயிற்சியாளர் மாறினார், பயிற்சிக்குழு மாறியது, குவாட்டர்பேக்கைத் துரத்தும் கலீல் மாக் இன்னும் வலுவோடு ஆடினார். முன்னால் நிற்பதில் ஆபத்தும் இருக்கிறது. மோதல்கள் அதிகம், நிதானம் தவறினால் தண்டனையும் உண்டு: பிட்ஸ்பர்க் ஆட்டத்தில் விதிக்குப் புறம்பாக மோதியதற்காக 2024 செப்டம்பரில் அவர் ஓர் ஆட்டம் வெளியே உட்கார வேண்டியிருந்தது. உடல் நோக்கில் பார்த்தால் ஸ்டேலியின் ஏற்பாடே அவருக்குப் பாதுகாப்பானது என்று ஒருவர் வாதிடலாம். அது நேர்மையான வாதம்தான். ஆயினும் அவருடைய திறமை அடிக்கவும் பிடிக்கவும் பாயவும் ஆனது. ஆழத்தில் அதில் ஒரு பங்குதான் பயன்படுகிறது.

நிபந்தனை என்னவென்றால், அவர் விட்டுவரும் ஆழத்தைக் காக்க நம்பகமான இருவர் வேண்டும். இதற்கு மறுபக்கச் சான்று பால்டிமோரின் கைல் ஹாமில்டன். ஏறக்குறைய அதே பாணியில் முன்னால் ஆடி 2023இல் அகில லீக் முதல் அணிக்குப் போனவர் அவர். 2024இல் பின்னால் நின்றவர்கள் நீண்ட பந்துகளைத் தொடர்ந்து கோட்டைவிட, பருவத்தின் பாதியில் சேஃப்டி மார்கஸ் வில்லியம்ஸை உட்கார வைத்துவிட்டு ஹாமில்டனையே ஆழத்துக்கு அனுப்பினார்கள். தற்காப்பு தேறியது, ஆனால் முன்னால் அவர் செய்துவந்த வேலை பெருமளவு நின்றுபோனது.

சார்ஜர்ஸுக்கு அந்த நிலை வராமல் பார்த்துக்கொண்டவர்கள் ஆழத்தில் நின்ற அலோஹி கில்மனும் எலைஜா மோல்டனும்தான். மோல்டனை 2024 ஆகஸ்ட் இறுதியில் டென்னசியிடமிருந்து பிந்தைய டிராஃப்டின் ஏழாம் சுற்றில் ஒரு வீரரை எடுக்கும் உரிமையைக் கொடுத்து வாங்கினார்கள். அவர் முன்பு ஸ்லாட்டில் ஆடிப் பழகியவர். அவரைப் பின்னுக்கு அனுப்பி, சேஃப்டியான ஜேம்ஸை ஸ்லாட்டுக்குக் கொண்டுவந்தது அந்த ஆண்டின் மிகச் சிறந்த இடமாற்றம் என்று நினைக்கிறேன். 2025 அக்டோபரில் குவாட்டர்பேக்கைத் துரத்தும் ஒடாஃபே ஓவேயைப் பெறுவதற்காகக் கில்மனைப் பால்டிமோருக்கு அனுப்பினார்கள். கில்மன் அங்கே ஆழத்தில் போய் நின்றதும், ஹாமில்டன் மீண்டும் முன்வரிசைக்கு அருகே வந்துவிட்டார்.