கிரிஸ்பர்ஐயா, டோஹோல்டா, ரைபோஸ்விட்சா: கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு எது?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பயோடெக் கடைசி வருஷம் படிக்கிறாள். ஆர்என்ஏ (டிஎன்ஏவைப் பார்த்து செல் எடுக்கிற நகல்) வைத்து பாக்டீரியாவின் ஜீனைக் கட்டுப்படுத்த வேண்டும், இதுதான் புராஜெக்ட். போன வாரம் டீக்கடையில் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, நாலு வழி இருக்குன்றாங்க, எதுனா ஒண்ணு சொல்லுண்ணா, அத்த வச்சி முடிச்சிடுறேன்." டீ ஆறிப்போகும்வரை பேசியும் முடியவில்லை, அதனால் எழுதியே விடுகிறேன்.

முதலில் கிரிஸ்பர்ஐ, ஏனென்றால் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வெட்டும் திறனைப் பிடுங்கிவிட்ட காஸ்9 புரதத்தை ஒரு வழிகாட்டி ஆர்என்ஏ கூட்டிக்கொண்டு போய் டிஎன்ஏ மேல் உட்கார வைக்கும். ஜீனைப் படித்து ஆர்என்ஏ நகல் எடுத்துக்கொண்டு வருகிற பாலிமரேஸ் புரதம் அங்கே முட்டி நின்றுவிடும். 2013-ல் ஈ. கோலி என்ற பாக்டீரியாவில் செய்து காட்டியபோதே ஒரே வழிகாட்டியால் ஜீனின் வேலையை 300 மடங்கு வரை குறைத்தார்கள். வேறு ஜீன் வேண்டுமென்றால் வழிகாட்டியில் 20 எழுத்தை மாற்றினால் போதும். பலத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பாக்டீரியாவில் பல ஜீன்கள் ஓபரான் என்ற ஒரே கோர்வையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், முதல் ஜீனில் மறித்தால் அடுத்ததெல்லாம் போச்சு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் பஸ் மாட்டிக்கொண்டால் அதற்கப்புறம் இருக்கிற எந்த ஸ்டாப்பிங்குக்கும் போகாதே, அந்தக் கதைதான். அப்புறம் 1,368 அமினோ அமிலம் கொண்ட புரதம் அது. அளவுக்கு மீறி உற்பத்தி செய்யவிட்டால் ஈ. கோலி சுணங்கிவிடும். நான் ஒருமுறை அப்படி விட்டுவிட்டு, வளர்ச்சி குறைந்ததற்கு நான் மறித்த ஜீன்தான் காரணம் என்று ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தேன்.

செயற்கை எஸ்ஆர்என்ஏ (சின்ன ஆர்என்ஏ) வேறு இடத்தில் மறிக்கும். டிஎன்ஏவைத் தொடாது, ஜீனின் நகலான எம்ஆர்என்ஏவின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அதைப் படித்துப் புரதம் செய்கிற ரைபோசோமை ஏறவிடாது, அதனால் ஓபரானுக்குள் ஒரு ஜீனை மட்டும் குறி வைப்பது இதில் சுலபம். 2013-ல் கொரியாவில் ஒரு குழு, ஈ. கோலியிலேயே இருக்கிற மிக்சி என்ற ஆர்என்ஏவின் வாலை எடுத்து இப்படிச் செய்து, லிட்டருக்கு 2 கிராம் டைரோசின் என்ற அமினோ அமிலம் தரும் பாக்டீரியாவை உருவாக்கியது. அந்த வாலை எச்எஃப்க்யூ என்ற புரதம் பிடித்துக்கொள்ள வேண்டும், அது செல்லின் சொந்த வேலைக்கும் தேவை. சரக்கு தயாரிக்கிறவர்களுக்கு நல்ல வழி. புராஜெக்ட்டுக்கு வேண்டாம் என்பேன், இருப்பதைக் குறைக்கும், அவ்வளவுதான்.

டோஹோல்ட் ஸ்விட்சைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வரும். எம்ஆர்என்ஏ ஹேர்பின் மாதிரி மடங்கி, தொடக்க எழுத்துகளை உள்ளே ஒளித்து வைத்திருக்கும். பொருத்தமான தூண்டு ஆர்என்ஏ வந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பிடித்து உரித்தால் திறந்துகொள்ளும். 2014-ல் வந்தது. நன்றாக அமைந்தவை சராசரியாக 400 மடங்குக்கு மேல் ஏறும், ஆனால் முதலில் செய்து பார்த்த 168-ல் 100 மடங்கைத் தாண்டியவை 20 தான். கையில் காசு இருக்கிறவன் பத்து டிசைன் ஆர்டர் போட்டு ஒன்றைப் பிடிப்பான், இவளால் முடியுமா? அந்தத் தூண்டு ஆர்என்ஏவை யார் ஆன் செய்வது என்ற கேள்வி வேறு இருக்கிறது. மறுபடி ஒரு புரோமோட்டர் (ஜீனைத் தொடங்கி வைக்கும் டிஎன்ஏ துண்டு), மறுபடி அதைத் தூண்ட ஐபிடிஜி என்ற ரசாயனம். ஒரு ஆர்என்ஏ இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை என்றால் இதற்கு நிகரில்லை. 2016-ல் ஸிகா வைரஸுக்கு செல்லே இல்லாமல் காகிதத்தில் காய வைத்து, நிறம் மாறுகிற மாதிரி செய்தார்கள்.

என் ஓட்டு ரைபோஸ்விட்சுக்கு, அதிலும் தியோபிலினுக்கு. ஆமாம், மூச்சிரைப்புக்குத் தருகிற அதே மருந்துதான். ஆர்என்ஏவின் ஒரு பகுதி தியோபிலினைப் பிடித்ததும் மடிப்பு மாறி ரைபோசோமுக்கு வழிவிடும். உதவிக்குப் புரதம் வேண்டாம், ஒரு பிளாஸ்மிட் (செல்லுக்குள் ஏற்றுகிற வட்ட டிஎன்ஏ) போதும். இதில் ஓர் அழகு உண்டு: காஃபினில் ஒரே ஒரு மெத்தில் கூடுதல், அதற்கே இந்த ஆர்என்ஏ 10,000 மடங்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று 1994-லேயே காட்டிவிட்டார்கள். பச்சையாக ஒளிரும் புரதத்தின் ஜீனான ஜிஎஃப்பியை மாட்டி, 0, 0.5, 1, 2 மில்லிமோலார் என்று நாலு ட்யூபில் தியோபிலின், ஐந்தாவதில் 2 மில்லிமோலார் காஃபின். நீல விளக்கில் வரிசையாகப் பச்சை ஏற வேண்டும், ஐந்தாவது இருட்டாகவே இருக்க வேண்டும். வைவாவில் வேறென்ன வேண்டும்?

குறை இல்லாமல் இல்லை. கொஞ்சம் கசியும், தியோபிலின் போடாத ட்யூபிலும் லேசாகப் பச்சை தெரியும். 300, 400 மடங்கை எதிர்பார்க்கக்கூடாது. ஜிஎஃப்பியை எடுத்துவிட்டு வேறு ஜீனை மாட்டினால் அதன் தொடக்க எழுத்துகளோடு ஸ்விட்ச் தப்பாக மடங்கி மொத்தமும் சொதப்பலாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் கிளாஸைத் தூக்கிக் காட்டினாள். "அப்ப டீய ஊத்துனா ஒளிருமாண்ணா?" ஒளிராது, டீயில் தியோபிலின் பேருக்குத்தான் இருக்கிறது, காஃபின்தான் அதிகம் என்றேன். ஆறாவது ட்யூபில் ஊற்றிப் பார்க்கிறேன் என்கிறாள். பார்க்கட்டும், ஆனால் பாலும் சர்க்கரையும் போடாமல்.