ஏற்காட்டுப் பிள்ளைக்கு மனநல ஆலோசனை: போனிலா, நேரிலா?

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை தூக்கம் கெட்டு, யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் ஏற்காட்டுப் பெற்றோருக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை. 14416-ஐ இரவு பகல் எப்போதும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். நள்ளிரவுப் பதற்றத்துக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் எஸ்டேட் லைன் வீட்டின் ஒரே அறையில், அப்பா காதில் விழாமல் பிள்ளை எப்படி மனம்விட்டுப் பேசும்?

இன்னொன்று, மலையிறங்கி சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவது. இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒரு நாள் கூலியும் போகும். அதுவும் ஒருமுறையோடு முடியாது. உளவியல் சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஒருமுறை, சில மாதங்கள் நடக்கும். ஆனாலும் ஆழமான வேலை நேரில்தான் நன்றாக நடக்கும் என்று நம்புகிறேன். சிந்தனை-நடத்தை சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். "கணக்கில் ஃபெயிலானால் வாழ்க்கையே போச்சு" என்ற நினைப்பு உண்மையா என்று பிள்ளையையே அலசிப் பார்க்க வைப்பார்கள். பயந்து தவிர்ப்பதைச் சிறிது சிறிதாகச் செய்யப் பழக்குவார்கள், வீட்டுப் பயிற்சியும் தருவார்கள். பிள்ளை வாயால் சொல்லாததை முகம் காட்டிவிடும். தேவைப்பட்டால் பெற்றோரிடமும் பேசுவார்கள்.

சரி, எது? முதல் அழைப்பு போனில் இருக்கட்டும். வாட்டம் இரண்டு வாரம் தாண்டினால் நேரில் போங்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று பிள்ளை சொன்னால் நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.