ஒட்டும் கிட்டார் நெக்: தேய்ப்பதா, உரிப்பதா?

போன சித்திரையில் கும்பகோணம் பக்கம் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி. இரவு பத்து மணிக்கும் காற்று அசையவில்லை. ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பன்னிரண்டாவதுக்கு ஏற வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நெக்கின், அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்தின், பின்பக்கம் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. அந்த வரி தாமதமாக விழுந்தது, பாடிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். நெக்கின் இந்தப் பளபளப்பான பூச்சுக்கு ஒரு வழி செய்தாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதலில் நெக்கில் இருக்கும் பூச்சு எது என்று பாருங்கள். இப்போது விற்கும் பெரும்பாலான கிட்டார்களில் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர்தான். அது கெட்டியாக இறுகிவிடும். ஒட்டுவது பூச்சு இல்லை, கண்ணாடி மாதிரியான பரப்பும் நம் வியர்வையும் சேர்ந்துதான் கையைப் பிடிக்கின்றன. நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் வேறு. கரைப்பான் ஆவியாகிக் காய்வது அது, தின்னர் பட்டால் மறுபடி இளகும், வருடக்கணக்கில் வியர்வை பட்டாலும் இளகும். வெளியே தெரியாத இடத்தில் ஒரு சொட்டு தின்னர் தொட்டால் தெரிந்துவிடும்.

துடைத்துப் பவுடர் போடுவது ஒரு பாட்டுக்குத்தான் தாங்கும், விடுங்கள். கார் பெயின்ட் பட்டறையில் மறுபடி கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்கச் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை, மறுபடி பளபளப்புதானே வரும்.

மிஞ்சுவது இரண்டு வழி. பூச்சை அப்படியே வைத்து மேலே மட்டும் தேய்த்து மங்கலாக்குவது, அல்லது மரம் தெரியும்வரை உரித்து எண்ணெய் பூசுவது. நான் செய்தது முதலாவது. தந்திகளைக் கழற்றி, ஃபிங்கர்போர்டின் (விரலால் தந்தியை அழுத்தும் முன்பக்கப் பலகை) விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நெக்கை நன்றாகத் துடைத்துவிட்டு 1000 நம்பர் உப்புத்தாளால் நீளவாக்கில் மட்டும் தேய்த்தேன், குறுக்கே இல்லை. அப்புறம் பெயின்ட் கடையில் கிடைக்கும் சாம்பல் நிற நார் பட்டையால் தேய்த்தேன். கால் மணி நேரத்தில் கண்ணாடி போய் முட்டை ஓடு மாதிரி ஆனது. விரல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஸ்டீல் உல் வேண்டாம், அதன் இரும்புத் துகள் பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

மன்னார்குடி நண்பர் உரித்தார். தொட்டுப் பார்த்தேன், உண்மையில் அதைவிடச் சுகமான நெக்கை நான் பிடித்ததில்லை. ஆனால் நம் ஊரில் அதைப் பராமரிக்க வேண்டுமே. ஐப்பசி அடைமழையில் சுவரே வியர்க்கிற வீட்டில், கெட்டிப் பூச்சு ஈரத்தைத் தடுக்கிற அளவுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தடுக்காது. மேப்பிள் மரம் ஈரத்தை இழுத்தது, தந்தி உயரம் மாறியது, டிரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பி) இரண்டு முறை திருப்ப வேண்டியிருந்தது. கட்டைவிரல் படும் இடம் அழுக்கேறிக் கறுத்தது. கார்த்திகை முடிந்ததும் மறுபடி தேய்த்து, மறுபடி எண்ணெய் போட்டு, காயும்வரை இரண்டு நாள் கிட்டாரைத் தொடாமல் காத்திருந்தார். கச்சேரி வரிசையாக வரும் மாதத்தில் இது நடக்கிற காரியமா? எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிப் போடக்கூடாது என்பதும் முக்கியம். ஆளி எண்ணெய், டங் எண்ணெய் போன்றவை காயும்போது சூடேறித் துணி தானே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைக்க வேண்டும்.

என் நெக்குக்கும் பராமரிப்பு உண்டு. நாலைந்து மாதத்தில் கை படும் இடம் மறுபடி பளபளவென்று ஆகிவிடுகிறது. நார் பட்டையால் இரண்டு நிமிடம் தேய்த்தால் சரி. விற்கிற நாள் வந்தாலும் பூச்சு இருக்கிறது, பாலிஷ் போட்டால் மினுமினுப்பு ஓரளவு திரும்பிவிடும். உரித்த நெக்கைப் பார்த்ததும் வாங்குகிறவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

நான் தேய்த்தது ஒரே ஒரு பாலியூரித்தேன் நெக், அது பார்த்ததும் ஒரே ஒரு மழைக்காலம். உங்களுடையது பழைய நைட்ரோவாக இருந்து, நகத்தால் சுரண்டினால் பிசின் மாதிரி வருகிறதென்றால் தேய்த்துப் பயனில்லை, உப்புத்தாள்தான் அடைத்துக்கொள்ளும். அங்கே மட்டும் நண்பர் போன வழிதான், கூடவே உரித்த மரத்தின் மேல் எண்ணெய்க்குப் பதில் கெட்டியாக இறுகும் மேட் (பளபளக்காத) பூச்சு ஒன்றை அடித்துவிடுங்கள்.