ஆற்றை ஆயில் பெயின்ட்டில் வரைய: ஒரே அமர்விலா, அடுக்கடுக்காகவா?

ஆயில் பெயின்ட்டில் ஆற்றங்கரைக் காட்சி வரையக் கற்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஈரம் காய்வதற்குள் ஒரே அமர்வில் முடிக்கும் 'அல்லா ப்ரிமா' ஒன்று. அடிவண்ணம் பூசி, காயவிட்டு, மேலே மெல்லிய அடுக்குகளாக ஏற்றுவது இன்னொன்று. ஆறு என்றால் முதலாவதில் தொடங்குங்கள் என்பதே என் கட்சி.

காரணம் தண்ணீர்தான். மரத்தின் பிம்பத்தை மேலிருந்து கீழாக இழுத்துவிட்டு, அது ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தொடாத மெத்தென்ற பிரஷ்ஷைக் குறுக்கே லேசாக ஓட்ட வேண்டும். ஓரங்கள் கலைந்து நீர்ப்பரப்பு தெரிய ஆரம்பிக்கும். காய்ந்த வண்ணத்தில் இந்த வேலை நடக்காது. ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷ்ஷைத் துணியில் துடைக்காவிட்டால் வானத்தின் நீலமும் கரையின் பழுப்பும் குழம்பிச் சேறாகிவிடும். இந்த முறையில் பலரும் சோர்ந்துபோகும் இடம் அதுதான். அப்புறம், கரையில் கருமையாக இருப்பது தண்ணீரில் சற்று வெளிறியும், வெளிச்சமாக இருப்பது சற்று மங்கியும் விழும். இதைக் கவனிக்கப் பழகிவிட்டாலே பாதி ஆறு வந்துவிடும்.

அடுக்கு முறைக்குப் பொறுமை வேண்டும். ஆயில் பெயின்ட்டில் உள்ள எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால்தான் நாட்கணக்கில் காத்திருப்பு. அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போக அதிகமாகவும் இருக்க வேண்டும். மாறினால் பின்னாளில் வெடிப்பு விழும். சீக்கிரம் காயும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு அடிவண்ணத்துக்குத் தோதானது. ஆனால் ஒன்று, கரையோரம் ஆழமில்லாத நீருக்கடியில் கூழாங்கற்கள் தெரிய வேண்டுமா, இந்த முறைக்கு ஈடு கிடையாது. கற்களை வரைந்து காயவிட்டு, ஆளிவிதை எண்ணெய் கலந்த பசும்பழுப்பை மெல்லிசாகப் பரப்பினால் கற்கள் நீருக்குள் இறங்கிவிடும்.

ஆற்றோரக் காட்சிகளுக்குப் பேர்போன ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் இரண்டையும் கைக்கொண்டவர். திறந்தவெளியில் சிறிய எண்ணெய் வரைவுகளை மளமளவென்று தீட்டினார். 1821-இல் காட்சிக்கு வைத்த 'தி ஹே வெயின்' படத்துக்கு முன்பு அதே அளவில் முழு வரைவு ஒன்றும் தீட்டினார்; இறுதிப் படத்தை ஸ்டுடியோவில்தான் முடித்தார்.

ஆகவே முதலில் சின்னப் பலகைகளில், நான்கைந்து வண்ணங்களோடு, ஒரே அமர்வில் முடியும் ஆறுகளை வரையுங்கள். பிம்பம் கைக்கு வந்தபின் ஒரு படத்தை அடுக்கு முறையில் எடுக்கலாம். காத்திருக்க முடியாதவர்கள் வண்ணத்தோடு ஆல்கைட் மீடியம் என்ற, சீக்கிரம் காயவைக்கும் கலவையைச் சேர்த்தால், மெல்லிய பூச்சு பெரும்பாலும் மறுநாளே அடுத்த அடுக்குக்குத் தயாராகிவிடும்.