பதற்றத்துக்கு மசாஜா, கவுன்சிலிங்கா, மாத்திரையா?

தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறி நிற்கும். பல்லைக் கடித்துக் கடித்தே தாடை வலிக்கும். மூச்சு பாதி நெஞ்சிலேயே திரும்பிவிடும். பதற்றத்தோடு வாழ்பவர்களுக்கு இது தெரியும். அப்படி இருந்த நாளில்தான் முதன்முதலாக மசாஜ் மேசையில் குப்புறப் படுத்தேன். பிடரிக்குக் கீழே கட்டைவிரல் அழுத்தி நகர, பத்து நிமிடத்தில் ஒரு பெருமூச்சு தானாக வந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் பழைய கதைதான். அப்போதிருந்து இந்தக் கேள்வியை விடாமல் துருவிக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று என் எண்ணத்தையே மாற்றியது. தீராத பதற்றம் உள்ள 68 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மசாஜ். இன்னொன்றுக்குக் கை கால்களில் சூடான ஒத்தடம். மூன்றாவது பிரிவினர் மங்கிய வெளிச்சத்தில், மெல்லிய இசையோடு சும்மா படுத்திருந்தார்கள். 12 வாரத்தில் 10 முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். மூன்று பிரிவிலும் பதற்றம் நன்றாகக் குறைந்தது. 26-ஆம் வாரத்திலும் அது நிலைத்திருந்தது. ஆனால் மசாஜ் மற்ற இரண்டையும் முந்தவில்லை. யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம், ஆழ்ந்த மூச்சு, இதமான அறை: குணம் தந்ததில் பெரும்பங்கு இவற்றுக்கு இருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது.

அப்போ கைக்கு வேலையே இல்லையா? உண்டு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகக் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 47 பேர். பாதிப் பேருக்கு ஸ்வீடிஷ் மசாஜ்; மீதிப் பேருக்கு அழுத்தாமல் கையை மெல்ல வைத்து எடுப்பது மட்டும். வாரம் இரண்டு முறை, ஆறு வாரம். பதற்றம் கூடினால் புள்ளியும் கூடும் ஹாமில்டன் அளவுகோலில் மசாஜ் பிரிவினர் சுமார் 11.7 புள்ளி இறங்கினார்கள், மற்றவர்கள் 8.2. வெறும் தொடுதலை விட அழுத்திப் பிடித்துவிடுவது கூடுதலாக உதவியிருக்கிறது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஒதுக்க முடியாது.

சரி, கவுன்சிலிங்? சிபிடி (நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) என்ற முறையில் பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள். 'என்ன ஆகிவிடுமோ' என்று ஓடும் நினைப்பை நிறுத்தி விசாரிக்கவும், பயந்து ஒதுங்கிய இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகவும் பழக்குவார்கள். நான் லிஃப்டில் ஏற அஞ்சி ஐந்து மாடி படியேறியவன். மசாஜ் என் தோளைத்தான் இறக்கியது. லிஃப்டில் ஏற்றிவிட்டது சிபிடி. அதனால் முதலிடம் அதற்குத்தான் கொடுப்பேன்.

எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரைகள் வேலை செய்ய சில வாரம் ஆகும். டாக்டரைக் கேட்காமல் சட்டென நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் என்ற மாத்திரை பதற்றத்தை உடனே அடக்கும், ஆனால் பழக்கமாகிவிடும். வேலைக்கே போக முடியாத அளவு பதற்றம் என்றால் மாத்திரையை மறுத்துவிட்டு மசாஜை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

மசாஜை நான் விடவில்லை. வாய் திறந்து பேசவே முடியாதவருக்கு உடம்பு வழியாக ஒரு வழி திறக்கிறது. காசும் பெரிதாக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி அம்மா உச்சியில் வைத்து, காதுக்குப் பின்னால் வட்டமாகத் தேய்த்துவிடும்போது இன்றும் கண் சொருகுகிறது. காலில் ரத்தக்கட்டி இருப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு எண்ணெயைத் தொடுங்கள். அப்புறம், யாரிடம் பேச ஆரம்பிப்பது என்று தயங்கினால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.